நான்கு உருளை பெட்ரோல் எஞ்சின்: அதன் உழைப்பும் பராமரிப்பும்

சிறிய காரின் முன்மூடிக்குள் அடங்கியிருக்கும் நான்கு உருளை பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று வீதம் சுழலும்போது, அதனுள் வினாடிக்கு நூறு முறை எரிபொருள் தீப்பற்றி எரிகின்றது. ஒரு மணி நேரப் பயணத்தில் இந்நிகழ்ச்சி 3,60,000 முறை நடைபெறுகின்றது. இத்துணை உழைப்பையும் அது ஆண்டுக்கணக்கில் தளராது ஆற்றுகின்றது. ஆயினும், ஒரு குழாயில் ஏற்படும் சிறு வெடிப்பினால் பத்தே நிமிடத்தில் பயனற்றதாகிவிடவும் கூடும். இவ்விரண்டும் ஒரே எஞ்சினுக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களப்பணியாளருக்கு இது ஏட்டறிவு மட்டுமன்று. தடுப்பு மருந்துப் பெட்டியையோ, மண் மாதிரிகளையோ, தேர்வுத் தாள்களையோ ஏற்றிச் செல்லும் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், அன்றைய பணி முழுவதும் நின்றுவிடுகின்றது. ஆசிரியருக்கோ, வெப்பம், அழுத்தம், உராய்வு, வேதிமாற்றம் ஆகிய பாடங்கள் அனைத்தையும் ஒருங்கே காட்டவல்ல கருவி இதைப்போல் வேறொன்று எளிதில் கிடைப்பதில்லை.

நம் நாட்டுச் சாலைகளில் வழங்கிய எஞ்சின்கள்

இந்தியாவில் நான்கு உருளை எஞ்சினுக்கு நெடிய வரலாறு உண்டு. 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாஸடர் காரில் பல்லாண்டுகள் இடம்பெற்றிருந்த பெட்ரோல் எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. பம்பாயில் உருவான பிரீமியர் பத்மினியின் எஞ்சின் 1089 கன சென்டிமீட்டர். 1993-இல் வெளிவந்த மாருதி ஸென் காரினது 993 கன சென்டிமீட்டர். 2010 முதல் ஸ்விஃப்ட் காரில் பொருத்தப்பட்ட எஞ்சின் 1197 கன சென்டிமீட்டர். 2024-இல் வந்த புதிய ஸ்விஃப்டில் மூன்று உருளை எஞ்சின் இடம்பெற்றுவிட்டது; எனினும் நான்கு உருளை எஞ்சின் கொண்ட சிறு கார்கள் இன்றும் மிகுதியாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

இக்கொள்ளளவை மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1197 கன சென்டிமீட்டர் எஞ்சினில் உருளையின் விட்டம் 73 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை செல்லும் தூரம் 71.5 மில்லிமீட்டர். ஆகவே ஓர் உருளையின் கொள்ளளவு சுமார் 299 கன சென்டிமீட்டர் ஆகும். அதை நான்கால் பெருக்கினால் 1197 கிடைக்கும். 3000 சுற்று வேகத்தில் பிஸ்டன் வினாடிக்கு நூறு முறை இத்தூரத்தைக் கடக்கின்றது. அதன் சராசரி வேகம் வினாடிக்கு 7.15 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் அது முற்றிலும் நின்று, திசை மாறி, மீண்டும் வேகம் பெற வேண்டும். உலோகத்தின்மீது உலோகம் இவ்வாறு ஓடியும் தேயாமலிருப்பதற்குக் காரணம், இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலமே.

நான்கு உருளைகளும் ஒரே வேளையில் எரிவதில்லை. முதலாவதும் நான்காவதும் ஒருசேர மேலெழும்போது, இரண்டாவதும் மூன்றாவதும் கீழிறங்குகின்றன. பெரும்பாலான சிறு எஞ்சின்களில் தீப்பொறி 1, 3, 4, 2 என்னும் வரிசையில் பாய்கின்றது. கிராங்க் தண்டின் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஏதேனும் ஓர் உருளை தண்டை உந்துவதால், ஓட்டம் சீராக அமைகின்றது. ஓர் உருளை எரியாது போயின், எஞ்சின் குலுங்குவதை இருக்கையிலிருந்தே உணரலாம்.

நம்பகம் என்பது பெருக்கற் கணக்கு

எஞ்சினின் உயிர் ஆறு ஏற்பாடுகளைப் பொறுத்தது எனலாம்: மசகெண்ணெய், குளிர்விப்பு, காற்று, எரிபொருள், தீப்பொறி, வால்வுகளின் காலக்கணிப்பு. இவற்றுள் எது நின்றாலும் எஞ்சின் நிற்கும். ஆகவே எஞ்சினின் நம்பகம் இவ்வாறின் நம்பகங்களைப் பெருக்கி வரும் எண்ணாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒவ்வோர் ஏற்பாடும் ஓராண்டில் பழுதின்றி இயங்குவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 99 எனில், ஆறும் சேர்ந்து பழுதின்றி இயங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 94. ஒவ்வொன்றும் 95 ஆகக் குறைந்தால், மொத்தம் ஏறத்தாழ 73 ஆகச் சரிந்துவிடும். ஐந்து ஏற்பாடுகள் 99 என்னும் நிலையிலேயே இருக்க, ஒன்று மட்டும் 70 ஆகக் கெட்டிருப்பின், மொத்தம் 67-க்கும் குறைவே. அதாவது, நூறு வண்டிகளில் முப்பத்துமூன்று வண்டிகள் ஆண்டில் ஒரு முறையேனும் வழியில் நிற்கும். ஐந்தை நன்கு பேணி ஆறாவதைப் புறக்கணித்தவரின் உழைப்பு இவ்வாறு வீணாகின்றது. பராமரிப்பில் விலையுயர்ந்த பொருள் எது என்று பாராமல், நலிந்த கண்ணி எது என்று பார்க்க வேண்டும் என்பதே இக்கணக்கு கற்பிக்கும் பாடம்.

வெப்பமும் குளிர்விப்பும்

பெட்ரோலும் காற்றும் எரியும் கணத்தில் உருளைக்குள் வெப்பநிலை 2000 பாகை செல்சியசுக்கு மேல் உயர்கின்றது. பிஸ்டன் செய்யப்பட்டுள்ள அலுமினியமோ 660 பாகையிலேயே உருகும் தன்மையது. அது உருகாதிருப்பது, அதன்மீது விழும் வெப்பம் இடைவிடாது அகற்றப்படுவதனாலேயே. எரிபொருளிலுள்ள வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரங்களுக்குச் செல்லும் வேலையாக மாறுகின்றது. மற்றொரு பெரும் பங்கு புகையோடு வெளியேறுகின்றது. எஞ்சிய பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் கூலண்ட் திரவம் ரேடியேட்டருக்கு எடுத்துச் செல்கின்றது.

கடல்மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியிலுள்ள வில், உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்தைக் காட்டிலும் சுமார் 0.9 கிலோகிராம் அதிகமாக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு என்ற கணக்கில், நிறுத்தி வைப்பதால் கொதிநிலை 120 பாகையை நெருங்குகின்றது. சூடான எஞ்சினில் இம்மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டெனக் குறையும். உள்ளிருக்கும் திரவம் ஒரே கணத்தில் கொதித்து முகத்திலும் கைகளிலும் பீறிட்டுப் பாயும். இதனால் விளையும் தீப்புண் கடுமையானது. எஞ்சினை நிறுத்தி அரைமணி நேரமேனும் கழிந்து, மேற்குழாய் கைக்கு ஆறியதாகத் தோன்றிய பின்னரே மூடியைத் தொடலாம்.

மூடியின் அடைப்பு வளையம் தேய்ந்துபோனால் அழுத்தம் நில்லாது. அப்போது 100 பாகையிலேயே திரவம் கொதித்து ஒழுகிவிடும். எஞ்சின் சூடேறுகிறது என்று கூறி ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன், சிறு விலையுள்ள இம்மூடியைச் சோதித்துப் பார்த்தல் நன்று.

வெப்ப நாடாதலின் தெர்மோஸ்டாட் தேவையில்லை எனக் கருதி அதைக் கழற்றி எறியும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது தவறு. சுமார் 80 பாகைக்கு மேல் திறக்கும் இவ்வடைப்பு, எஞ்சின் விரைவில் தன் உரிய சூட்டை அடைய உதவுகின்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகின்றது. எஞ்சின் குளிர்ந்திருப்பின், அவ்வாவியின் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டியில் நீராகப் படிந்துவிடும், எண்ணெய் சேறாகும். உரிய சூட்டில் ஓடும் எஞ்சினிலோ அந்நீர் ஆவியாகி வெளியேறிவிடுகின்றது.

கிணற்று நீரையோ ஆழ்துளைக் குழாய் நீரையோ ஊற்றுவதும் கேட்டுக்கு வழியாகும். அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள், சோறு வடிக்கும் பானையில் படிவதைப் போலவே எஞ்சினின் நீர்வழிகளிலும் வெண்படலமாகப் படிகின்றன. அப்படலம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. கைப்புத்தகம் குறிப்பிடும் கூலண்டையும், வாலை வடித்த நீரையுமே பயன்படுத்த வேண்டும். கூலண்டில் கலந்துள்ள துருத்தடுப்புப் பொருள்கள் நாளடைவில் செலவாகிவிடுவதால், நிறம் மாறாவிடினும் குறித்த காலத்தில் அதனை மாற்றியாக வேண்டும்.

அம்பாஸடரின் எஞ்சின் உடலும் தலையும் வார்ப்பிரும்பால் ஆனவை. ஸென் முதலிய பிற்கால எஞ்சின்களில் இரண்டும் அலுமினியம். அலுமினியம் இலேசானது, வெப்பத்தை நன்கு கடத்துவது. ஆனால் வெப்பத்தால் அது விரிவது இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகும். அளவுக்கு மீறிச் சூடேறிய அலுமினியத் தலை வளைந்துவிடும். தலைக்கும் உடலுக்கும் இடையேயுள்ள ஹெட் காஸ்கெட் வழிவிட, கூலண்ட் எண்ணெயுடனோ உருளைக்குள்ளோ கலந்துவிடும். பழைய இரும்பு எஞ்சினை ஓட்டிப் பழகியவர், சூடேறினாலும் இன்னும் சிறிது தூரம் செல்லலாம் என எண்ணுவதுண்டு. அலுமினிய எஞ்சின் அத்தகைய தாமதத்தைப் பொறுப்பதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. வெப்பமானியின் முள் மேலேறிப் பின் தானாகவே இறங்குமாயின், எஞ்சின் ஆறிவிட்டது என மகிழ்தல் கூடாது. திரவம் முழுதும் ஒழுகிப்போய், உணர்கருவி வெறும் காற்றில் நிற்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். முள் ஏறி இறங்கினால் உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

எண்ணெய்

மசகெண்ணெய்க்கு நான்கு கடமைகள் உண்டு: உராய்வைக் குறைத்தல், பிஸ்டனிலிருந்து வெப்பத்தை வாங்குதல், கரியையும் தூசியையும் தன்னுள் தாங்கி வடிகட்டிக்குக் கொண்டு செல்லுதல், அமிலங்களை முறித்தல். சில மாதங்களில் எண்ணெய் கறுப்பது அது கெட்டதற்கு அடையாளமன்று. கரியைத் தாங்கி நிற்கும் தன் கடமையைச் செய்வதற்கு அடையாளம். ஆனால் அதில் கலந்த பொருள்கள் செலவான பின்னர், எண்ணெயின் அளவு குறையாதிருப்பினும், காக்கும் ஆற்றல் குறைந்துவிடுகின்றது. ஆகவேதான் கைப்புத்தகங்கள் கிலோமீட்டர், மாதம் என இரு எல்லைகளையும் குறிக்கின்றன. எது முதலில் வருகின்றதோ அதைக் கொள்ள வேண்டும்.

நாள்தோறும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டி அதிகம் தேயாது என்பது பொதுவான எண்ணம். உண்மை இதற்கு மாறானது. அத்தகைய எஞ்சின் என்றும் உரிய சூட்டை அடைவதில்லை. நீரும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் தங்கிவிடுகின்றன. குறுந்தூர ஓட்டம், புழுதிச் சாலை, மலையேற்றம், நெடுநேரம் நின்றபடி எஞ்சினை ஓடவிடுதல் ஆகியவற்றைக் கைப்புத்தகங்கள் கடும் பயன்பாடு என வகைப்படுத்துகின்றன. களப்பணி வண்டிகளிற் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. அவற்றுக்குக் குறுகிய கால எல்லையே பொருந்தும்.

எண்ணெயின் அளவைச் சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்தே பார்க்க வேண்டும். இரு குறிகளுக்கும் இடையே இருத்தல் போதுமானது. மேற்குறியைத் தாண்டி ஊற்றினால், சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை உலோகத்தைக் காவாது.

காற்றும் எரிபொருளும்

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். கொள்ளளவில் கூறினால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டர் காற்று! நாளொன்றுக்குப் பத்து லிட்டர் பெட்ரோல் செலவிடும் வண்டி தொண்ணூறாயிரம் லிட்டர் காற்றை உள்ளிழுக்கின்றது. சாலைப் புழுதியில் இருப்பவை பெரும்பாலும் மணலின் நுண்துகள்கள்; அவை எஞ்சின் உலோகங்களைத் தேய்க்கவல்ல கடினம் உடையவை. காற்று வடிகட்டி கிழிந்தோ சரியாகப் பொருந்தாமலோ இருப்பின், உருளையின் சுவரை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு அது ஒப்பாகும்.

2000-ஆம் ஆண்டையொட்டி இந்தியக் கார்களில் கார்புரேட்டர் மறைந்து, மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தூவும் முறை பரவியது. சரிசெய்ய வேண்டிய திருகாணிகள் இதில் இல்லை. ஆனால் உணர்கருவிகள் பல உண்டு. சாலையோரத்தில் கைக்கு வந்ததைத் திருகிப் பார்க்கும் பழைய பழக்கம் இங்கே பயன்தராது. மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தால், பழுதின் குறியீட்டைப் படிக்கவல்ல கருவி உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டு செல்ல வேண்டும்.

2023 பிப்ரவரியில் இந்தியாவில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை தொடங்கியது. எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள வெப்பம் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. ஆதலால் ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் சற்றுக் குறைவது இயற்கை. பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டு, பத்து விழுக்காட்டுக் கலவைக்கு இசைவிக்கப்பட்ட கார்களில் இக்குறைவு 6 முதல் 7 விழுக்காடு வரை இருக்கலாம் என 2021-இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையது. பழைய வகை ரப்பர்க் குழாய்களை நாளடைவில் நலிவிக்கக்கூடியது. எனவே பழைய வண்டிகளில் எரிபொருட் குழாய்களை ஆண்டுதோறும் பார்வையிடுதலும், ஒரே பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியில் தேக்காதிருத்தலும் நன்று. பெட்ரோல் வாடை வீசும் வண்டியைக் காரணம் அறியாமல் ஓட்டுதல் தீவிபத்தை வரவழைப்பதாகும்.

தீப்பொறியும் காலக்கணிப்பும்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், உருளையின் உள்நிலை ஓரளவு விளங்கும். நுனி இளம்பழுப்பாக இருப்பின் எரிதல் செம்மையானது. உலர்ந்த கருமை, பெட்ரோல் மிகுதியைக் காட்டும். எண்ணெய்ப் பசையுள்ள கருமை, வளையங்களோ வால்வு அடைப்புகளோ தேய்ந்ததைக் காட்டும். வெளுத்துக் கொப்புளித்த நுனி அதிவெப்பத்தின் அடையாளம்.

ஓர் உருளை எரியாமல் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கிப் பெட்டியை அடைந்து அங்கே எரியும். உள்ளிருக்கும் பீங்கான் தேனடை உருகி அடைத்துக்கொள்ளும். சிறு விலையுள்ள பிளக்கை மாற்றத் தவறியதால் அதனினும் பன்மடங்கு விலையுள்ள உறுப்பை இழக்க நேரிடும். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிவது பெரும்பாலும் இதையே உணர்த்துகின்றது.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு, கிராங்க் தண்டு இருமுறை சுற்றும்போது ஒருமுறை சுற்ற வேண்டும். இவ்விரண்டையும் இணைப்பது சில எஞ்சின்களில் பல்வைத்த ரப்பர்ப் பட்டை. சிலவற்றில் எஃகுச் சங்கிலி. ஸென் எஞ்சினில் பட்டையும், 1197 கன சென்டிமீட்டர் ஸ்விஃப்ட் எஞ்சினில் சங்கிலியும் உள்ளன. பட்டை முன்னறிவிப்பின்றி அறுந்துவிடும். அவ்வாறு அறுந்தால், பல எஞ்சின்களில் மேலெழும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வின்மீது மோதி அதை வளைத்துவிடும். எனவே பட்டை பார்வைக்கு நன்றாக இருப்பினும், குறித்த காலத்தில் மாற்றப்பட வேண்டும். சங்கிலி நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அது எண்ணெயை நம்பி வாழ்வது. காலையில் எஞ்சினைத் தொடக்கியதும் முன்புறத்தில் சலசலப்பு எழுந்து சில வினாடிகள் நீடிக்குமாயின், சங்கிலியையும் அதன் இறுக்கியையும் சோதிக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை

1. நாள்தோறும்: வண்டி நின்ற தரையில் எண்ணெயோ கூலண்டோ சொட்டியுள்ளதா என நோக்குக.

2. வாரந்தோறும், எஞ்சின் ஆறியிருக்கையில்: எண்ணெய் மட்டம், கூலண்ட் மட்டம், பெல்ட்டுகளின் இறுக்கம், ரப்பர்க் குழாய்களின் வீக்கமும் வெடிப்பும்.

3. மாதந்தோறும்: காற்று வடிகட்டி, பாட்டரி முனைகள், ரேடியேட்டரின் முன்புறம் படிந்த புழுதியும் பூச்சிகளும்.

4. எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற படிவு தென்பட்டால்: வண்டி குறுந்தூரம் மட்டும் ஓடியதா என முதலில் ஆராய்க. கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் காஸ்கெட்டைச் சோதிக்கச் செய்க.

5. புகை நீலமாயின் எண்ணெய் எரிகிறது. கருமையாயின் பெட்ரோல் மிகுதி. சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை நீடித்தால் கூலண்ட் உருளைக்குள் புகுகிறது எனக் கொள்க.

6. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. அது உயிரைப் பறிக்கவல்லது. நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை அடைத்து உறங்குவதும் இவ்வாறே ஆபத்தானது.

எச்சரிக்கை விளக்கும் பின்னிருக்கையும்

பழுதுபட்ட எஞ்சின்களை ஆராய்ந்தால், பல எஞ்சின்கள் எச்சரிக்கைக்கு முன்னர் அல்ல, எச்சரிக்கைக்குப் பின்னரே அழிந்தன என்பது புலனாகும். சிவப்பு நிற எண்ணெய் விளக்கு எரிந்தால், எண்ணெயின் அழுத்தம் ஏறக்குறைய அற்றுவிட்டது என்பது பொருள். பாதுகாப்பாக ஒதுங்கக்கூடிய முதல் இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வெப்பமானியின் முள் சிவப்பை எட்டினால், குளிர்சாதனத்தை அணைத்து, ஒதுங்கி நிறுத்தி, ஆறவிட வேண்டும். சூடான எஞ்சின்மீது குளிர்ந்த நீரை ஊற்றலாகாது.

இவ்விதிகளை ஓட்டுநர் பலரும் அறிவர். அறிந்தும் நிறுத்தாமைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம் உண்டு. பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். "இன்னும் பத்துக் கிலோமீட்டர்தானே, போய்விடலாம்" என்கின்றார். ஓட்டுநர் வாளாவிருந்து வண்டியைச் செலுத்துகின்றார். அப்பத்துக் கிலோமீட்டருக்குள் தலை வளைகின்றது. அல்லது தாங்கிகள் உருகிக் கிராங்க் தண்டு இறுகிவிடுகின்றது. அரைநாள் தாமதத்தோடு முடிந்திருக்க வேண்டிய செயல், வண்டியை வாரக்கணக்கில் பணிமனையில் நிறுத்திவிடுகின்றது. அவ்வாரங்களில் அவ்வண்டியை எதிர்நோக்கியிருந்த ஊர்களுக்கு யாரும் செல்ல இயலாது போகின்றது.

ஆகவே களப்பணியாளர் கைக்கொள்ள வேண்டிய முதல் பராமரிப்பு விதி கருவிப்பெட்டியில் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தவுடன் வண்டியை நிறுத்தும் உரிமை ஓட்டுநருக்கு உண்டு என்பதைப் பயணம் தொடங்குமுன்பே அவரிடம் தெளிவாகக் கூறிவிட வேண்டும். அவ்வாறு நிறுத்தியதற்காக அவர்மீது குறை கூறாதிருப்பதும், நிறுத்திய நேரத்தையும் காரணத்தையும் பயணப் பதிவேட்டில் தாமே எழுதிக் கையொப்பமிடுவதும் பின்னிருக்கையில் அமர்ந்தவரின் கடமையாகும்.